கீரிப்பிள்ளை விழுந்த பிற்பகல்

முப்பது வயது தாண்டிய ஓர் ஆண், ஊரே தொழிலுக்குப் போயிருக்கும் நேரத்தில், ரீவிக்கு முன்னால் இருந்து சின்னப்பிள்ளைகளின் விளையாட்டு ஒன்றை விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டால், நீங்கள் அவனுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். சோம்பேறி என்றா? பெண்சாதியின் உழைப்பில் தின்கிறவன் என்றா? மீன்பிடி ஊரான பள்ளிமுனையில் அந்த இரண்டு பெயரையும் வைத்தாயிற்று. மூன்றாவதாகப் 'பாவம்' என்றும் ஒன்று வைத்தார்கள். மூன்றிலும் றோய்க்கு ஆகப் பிடிக்காதது அந்தக் கடைசிப் பெயர்தான்.

அவன் இருப்பது சில்லுக் கதிரையில். இடுப்புக்குக் கீழே உடம்பு அவன் சொல் கேட்பதில்லை. கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. காலையில் பெண்சாதி சுவேதினி நண்டுக் கம்பனிக்கு வேலைக்குப் போனபிறகு, உலை வைப்பான், துணி மடிப்பான், பக்கத்து வீட்டுக்காரர்களின் பழுதான மின்விசிறிகளைக் கழற்றிப் பூட்டுவான். மத்தியானம் தாண்டினால் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்கு உயிர் கொடுப்பான்.

பெட்டி பாரிசில் இருந்து வந்தது. அங்கே இருக்கும் மாமா, தன் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட பழைய பிளேஸ்ரேசனைக் குளிர்ச்சட்டைகளுக்கு நடுவில் சுற்றி அனுப்பியிருந்தார். அதோடு வந்தது ஒரேயொரு சீடி. ஏதோ ஒரு கார்ட்டூன் படத்தை வைத்துச் செய்த விளையாட்டு. அந்தப் படத்தைப் பள்ளிமுனையில் ஒருவரும் பார்த்ததில்லை. பேச்சு முழுக்கப் பிரெஞ்சு. கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய குட்டி நீர்நாய் ஒன்று ஓடும், பாயும், தாயைத் தேடும். தோலுக்காக நீர்நாய் பிடிக்கிற தடித்த மீசைக்காரன் ஒருவன் அதைத் துரத்துவான். நீர்நாயை ஒருநாளும் கண்டிராத ஊர் அதற்குக் 'கீரிப்பிள்ளை' என்று பெயர் வைத்தது. தொப்பையும் மீசையுமாகக் கரையில் நின்று ஆட்களை ஏவுகிற அந்த மனிதனுக்குப் பெயர் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. படகும், கரையில் வாடி என்கிற தொழில் கொட்டிலும் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிற முதலாளிக்கு இந்தக் கரையில் என்ன பெயரோ, அதையே வைத்தார்கள்: சம்மாட்டி.

பெட்டிக்கும் வயதாகிவிட்டது. நேராக வைத்தால் சீடியைப் படிக்காது. தலைகீழாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். விளையாடியதைச் சேமித்து வைக்கிற அட்டை எப்போதோ செத்துப்போனது. ஆகவே கீரிப்பிள்ளை எவ்வளவு தூரம் போனாலும், மறுநாள் முதல் கட்டத்தில் இருந்துதான் புறப்படவேண்டும். றோய் அதைப் பற்றி அலுத்துக்கொண்டதில்லை. கால்களால் ஓட முடியாதவன் கட்டைவிரலால் ஓடுகிறான் என்று யாராவது உருகிப் பேசினால் மட்டும் அவனுக்குக் கோபம் வரும். "விளையாட்டு நல்லா இருக்கு, விளையாடுறன். வேற ஒண்டுமில்லை" என்பான்.

றோய் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். ஊர் திரும்பியபோது நடக்கவும் நீந்தவும் தெரிந்த பிள்ளை. தகப்பன் அமிர்தநாயகம் வலைத்தொழில் செய்தவர். இழுவைப் படகுகள் வந்து வலைகளை அறுத்து அறுத்து, கடைசியில் வலையும் இல்லை, மீனும் இல்லை என்ற நிலையில், மகன் கடலட்டை பிடிக்க இறங்கினான். முதுகில் சிலிண்டர், கையில் ஒரு பை. கடலின் அடியில் போய் அட்டையைப் பொறுக்கிக்கொண்டு மேலே வரவேண்டும். சிலிண்டர் முடிய அடுத்த சிலிண்டர். கிட்டிய இடங்களில் அட்டை குறையக் குறைய, ஆழம் கூடிக்கொண்டே போனது.

ஆழத்தில் கடல் உடம்பை நெரிக்கிறது. அந்த நெரிப்பில், சிலிண்டரில் இருந்து இழுக்கும் காற்றின் ஒரு பங்கு இரத்தத்திலும் தசையிலும் கரைந்துபோகிறது. ஆறுதலாக மேலே வந்தால் அது மூச்சோடு மெல்ல வெளியேறும். அவசரப்பட்டு வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலைப் போல உள்ளேயே நுரைக்கும். நுரை முள்ளந்தண்டை அடைத்தால் கால் போகும். இவ்வளவுதான் விஷயம். இதில் பேய் இல்லை, சாபம் இல்லை, நாவூறும் இல்லை. உலகத்தில் நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. சிலிண்டரைக் கொடுத்து இறக்கியவர்கள் யாரும் றோய்க்கு அதைச் சொல்லவில்லை.

சொன்னது வேறொன்று. கொன்ஸ்ரன்ரைன் சம்மாட்டியின் வாடியில் ஒரு சட்டம் இருந்தது. கடலுக்குள் உடம்பில் பட்டதைக் கரையில் வாயால் சொல்லக் கூடாது. வாடி வாசலில் இருக்கும் அந்தோனியார் சுரூபக்கூட்டில், அவருடைய நாளான செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்தி மன்றாடிய பிறகுதான் சொல்லலாம். முந்திச் சொன்னால் பட்டது உடம்பில் ஒட்டிவிடும். பிறகு எந்த நேர்த்திக்கும் இறங்காது. யார் போட்ட சட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது. கோவிலில் போட்டது இல்லை; கேள்விப்பட்ட பங்குத்தந்தை தலையில் கை வைத்தார். ஆனால் அதனால் யாருக்கு வசதி என்று பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. நோகுது என்று வாய் திறக்காத ஆள் அடுத்த நாளும் இறங்குவான்.

றோய்க்குப் பட்டது ஒரு சனிக்கிழமை. விரல் நுனிகள் விறைத்தன. ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடும்போது சேட்டுப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. "சின்னப்பிள்ளையோ நீங்கள்?" என்று சிரித்துக்கொண்டே சுவேதினிதான் பூட்டிவிட்டாள். அவன் செல்லம் கொஞ்சுகிறான் என்று அவள் நினைத்தாள். அவனும் சிரித்தான், சொல்லவில்லை. திங்கட்கிழமை சிறுநீர் போகவில்லை, அதையும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்த அவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. பிறகுதான் ஆஸ்பத்திரி. பிந்திவிட்டது.

தூக்கிக்கொண்டு போன இருவரில் ஒருவன் லோறன்ஸ். கடலில் றோயின் சோடி. அதற்குப் பிறகும் அவன் இறங்குவதை விடவில்லை. வீட்டில் தாய் றோசம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் இருந்தார்கள். கடலில் இருந்து வந்து, குளித்து, பேக்கரியில் றோல்ஸ் வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட ஒவ்வொரு பிற்பகலும் றோய் வீட்டுக்கு வருவான். கீரிப்பிள்ளை விழுந்தால் ஜொய்ஸ்ரிக்கை மற்றவன் கையில் கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். லோறன்ஸின் கைக்கு ஜொய்ஸ்ரிக் போனால் திரும்பி வருவது கஷ்டம். சுற்றுகிற நீர்ச்சில்லின் ஒவ்வொரு பலகையாகப் பாய்ந்து ஏறவேண்டிய கட்டம் ஒன்று உண்டு. றோய் அதில் பலமுறை தவறியிருக்கிறான். லோறன்ஸ் றோல்ஸைக் கடித்துக்கொண்டே ஏறிவிடுவான்.

அன்று வியாழக்கிழமை. கம்பனிக்கு நண்டு வரவில்லை என்று சுவேதினியும் நேரத்தோடு வந்து, வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், கீரிப்பிள்ளை சாப்பிட்டிட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டு லோறன்ஸ் வந்தான்.

"அது நேற்றே சாப்பிட்டிட்டுது. றோல்ஸ் எங்க?"

"மறந்துபோனன்."

லோறன்ஸ் றோல்ஸை மறக்கிற ஆள் இல்லை. றோய் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை. ஜொய்ஸ்ரிக்கைக் கொடுத்தான். நீர்ச்சில்லுக் கட்டத்தில், இரண்டாவது பலகையிலேயே கீரிப்பிள்ளை தண்ணீருக்குள் விழுந்தது.

"என்னடா, நித்திரையோ?"

"சில்லு இண்டைக்கு வேகமாச் சுத்துது மச்சான்."

"ஓமோம், கறன்ட் கூடிப்போச்சு" என்று றோய் சிரித்தான். "சம்மாட்டிக்குச் சொல்லிச் சில்லை மெதுவாச் சுத்தச் சொல்லுவமே?"

தன்னுடைய முறையை விளையாடி, தானும் விழுந்து, திரும்பக் கொடுத்தான். லோறன்ஸ் மறுபடி விழுந்தான். மூன்றாம் தடவை றோய் ரீவியைப் பார்க்கவில்லை. நண்பனின் கையைப் பார்த்தான். கண் சரியாகத்தான் இருந்தது. பாயவேண்டிய நேரத்தில் உடம்பு முன்னால் குனிந்தது, உதடு இறுகியது. பெருக்கல் குறி போட்ட பொத்தானில் இருந்த கட்டைவிரல் மட்டும் பிந்தி வந்தது. அடுத்த தடவை லோறன்ஸ் ஜொய்ஸ்ரிக்கைத் துடையில் வைத்து, சுட்டுவிரலால் பொத்தானைக் குத்தினான்.

றோய் ரீவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"எப்ப துவங்கினது?"

"என்ன எப்ப துவங்கினது?"

"விரல்."

லோறன்ஸ் சுவேதினியின் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "வாயைக் கழுவு மச்சான். நான் ஒண்டும் சொல்லேல்லை."

"நீ சொல்ல வேண்டாம். கீரிப்பிள்ளை சொல்லிப்போட்டுது."

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவேதினி எழும்பி வந்தாள். லோறன்ஸின் சேட்டில் மேல் இரண்டு பொத்தான்கள் திறந்திருந்தன.

"லோறன்ஸ் அண்ணை, அந்தப் பொத்தானைப் பூட்டுங்கோ பாப்பம்."

"என்ன தங்கச்சி, வெக்கையா இருக்கெண்டு திறந்து விட்டனான்..."

"பூட்டிப்போட்டுத் திறவுங்கோ."

அவன் பூட்டப் பார்த்தான். பொத்தான் துளையைத் தேடி வழுகியது. அவன் சிரிக்கவும் பார்த்தான். அந்தச் சிரிப்பைச் சுவேதினி முன்னர் ஒருவனுடைய முகத்தில் கண்டிருக்கிறாள். அவள் மறுபேச்சுப் பேசாமல் கைபேசியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"இண்டைக்குக் காலமைதான்" என்றான் லோறன்ஸ், மிகவும் மெதுவாக. "சின்ன விறைப்பு. செவ்வாய்க்கிழமை கொளுத்திப்போட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போறன். சத்தியமாப் போறன்."

"நானும் செவ்வாய்க்கிழமைதான் கொளுத்தினனான். ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு போனவங்கள். ஒருத்தன் நீ."

"அது நீ முந்தியே சுவேதினிக்குச் சொல்லியிருப்பாய். அதுதான் ஒட்டினது. வாடியில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறாங்கள்."

அத்தனை காலமும் ஒருவரும் அவன் முகத்துக்கு நேரே சொல்லாத சொல் அது. குசினி வாசலில் இருந்து சுவேதினிதான் சொன்னாள்:

"எனக்கு அவர் சொல்லேல்லை அண்ணை. சொல்லியிருந்தால் நடந்திருப்பார்."

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. கொன்ஸ்ரன்ரைன். கெட்ட மனிதன் என்று அவனை ஊர் சொல்வதில்லை. றோய் விழுந்தபோது அரிசி மூட்டை இறக்கியவன், ஆஸ்பத்திரியில் வந்து அழுதவன். அவனும் ஒரு காலத்தில் கடலுக்குள் இறங்கினவன்தான்; இன்றைக்கும் இடது தோளைத் தூக்க மாட்டான். அந்தச் சட்டத்தை அவன் மனதார நம்பினான். லாபம் தருகிற நம்பிக்கையை மனதார நம்புவது எவ்வளவு சுலபம்!

"லோறன்ஸ் நிக்கிறானோ? நாளைக்கு வெள்ளனப் போகவேணும், தூரத்துக்கு." உள்ளே எட்டிப் பார்த்தவனுக்கு, லோறன்ஸ் கையைப் பிசைந்துகொண்டிருந்தது தெரிந்தது. விளங்கிக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். "அது குளிரடா. நாளைக்கு இறங்கு, தண்ணி குடுத்ததைத் தண்ணியே எடுத்திடும். வா, வீட்டை போய்ப் படு."

"ஓம் சம்மாட்டி" என்று லோறன்ஸ் எழும்பினான். வலது கால் நிலத்தை ஒரு கணம் தேடியது.

றோய் அதைக் கண்டான். நண்பனின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினால் கதிரையோடு சேர்ந்து தானும் கவிழ்வான். விளக்கம் சொல்ல நேரமில்லை. சோடாப் போத்தல் கதையை லோறன்ஸுக்கு எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. 'ஓம் மச்சான்' என்று கேட்டுவிட்டு, மறுநாள் இறங்கியவன் அவன். அறிவால் அசையாதவனை எதனால் அசைப்பது? றோய் கதிரையின் சில்லுகளை உருட்டி வாசலுக்கு வந்தான். ஒழுங்கையில் கருவாடு காயப்போட்ட பெண்கள், தண்ணீர் எடுக்க வந்தவர்கள், வலையோடு இருந்தவர்கள். அவன் நெஞ்சு நிறைய மூச்செடுத்துக் கத்தினான்:

"எல்லாரும் கேளுங்கோ! லோறன்ஸுக்குக் கடலுக்குள்ள பட்டிட்டுது! கை விறைச்சுப் போச்சு, கால் இழுக்குது! இண்டைக்கு வியாழக்கிழமை! நான் வாயால சொல்லிப்போட்டன்!"

ஒழுங்கை அப்படியே நின்றது. லோறன்ஸின் முகத்தில் இரத்தம் இல்லை. "டேய்... டேய், என்ன வேலையடா செய்தனி?" என்று கையை ஓங்கினான். ஓங்கிய கை அடிக்கவில்லை. அதில் அடிக்கப் பலம் இருந்ததா என்பதும் சந்தேகம்.

இரண்டு வீடு தள்ளி இருந்த றோசம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "படுபாவி! உன்ர கால் போனது காணாதெண்டு என்ர பிள்ளையின்ர காலையும் எடுக்கிறியோ? எரிச்சலடா உனக்கு! நடக்கிறவனைக் கண்டால் எரிச்சல்!"

"பேசுங்கோ மாமி, நல்லாப் பேசுங்கோ" என்றான் றோய். "ஆனால் இனி மெழுகுதிரி வேலைசெய்யாது. உங்கட சட்டப்படிதான் சொல்லுறன். சொல்லியாச்சு, ஒட்டியாச்சு. அந்தோனியாரிட்டப் போக வழியில்லை. மிச்சம் ஆஸ்பத்திரி ஒண்டுதான் இருக்கு."

றோசம்மா திரும்பிச் சம்மாட்டியைப் பார்த்தாள். கொன்ஸ்ரன்ரைன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மோட்டார்சைக்கிளை ஓரடி பின்னுக்கு உருட்டினான். பட்டதென்று ஊரறியச் சொல்லப்பட்ட ஒருவனைப் படகில் ஏற்ற அவனுக்கும் பயம். "நாளைக்கு... நாளைக்கு அவன் வரத்தேவையில்லை" என்றான்.

ஒருவனைச் சாகடிக்கப் பார்த்த பொய்யை, அதே பொய்யைக் கொண்டு மடக்கவேண்டி வந்தது. றோய்க்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. உண்மை ஒன்றே போதுமாயிருக்கிற நாளில் அவன் உண்மையையே சொல்லுவான்.

சுவேதினி கூப்பிட்ட ஓட்டோ வந்தது. அதை ஓட்டிவந்த ஜெஸீம் இறங்கி, நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். "ஏறுங்கோ லோறன்ஸ். சண்டையை வந்து பிடிக்கலாம், எங்கயும் போகாது."

"நிமிர்த்திப் படுக்க வையுங்கோ ஜெஸீம் நானா. எழும்பி இருக்க விடாதேங்கோ" என்றான் றோய். "மாமி, டொக்டரைக் கண்டவுடன முதல் சொல் 'சிலிண்டர் கட்டிக் கடலுக்குள்ள இறங்கினவன்' எண்டு சொல்லுங்கோ. கை விறைப்பெண்டு மட்டும் சொன்னால் வேறேதும் எண்டு நினைப்பினம்."

றோசம்மா அவனுக்கு மறுமொழி சொல்லவில்லை. ஓட்டோவுக்குள் ஏறி மகனின் தலையை மடியில் வைத்தாள். நீட்டிய கால்கள் வெளியே தொங்க, ஓட்டோ ஒழுங்கையை விட்டுப் போனது. ஆனால் அவள் சொன்னாள். டொக்டரைக் கண்டவுடன் அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். டொக்டர் உடனேயே ஒட்சிசன் மாட்டி, உடம்பில் நுரைத்த காற்றை ஆறுதலாக வெளியேற்றுகிற அழுத்த அறை இருக்கும் தூரத்து ஊருக்கு அம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார்.

லோறன்ஸ் திரும்பி வந்தான். நடந்து வந்தான். வலது காலை எடுத்து வைக்கும்போது மெல்லிய இழுப்பு இருந்தது. மிச்சம் எல்லாம் சரி. இந்தக் கதை இங்கே முடிந்து, ஊர் றோயைத் தோளில் தூக்கியது என்று எழுதினால் அது பொய். அந்த இழுப்பு றோயின் வாயால் வந்தது என்றுதான் வாடியில் பேசினார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் இருந்திராதாம். றோசம்மா மாமி ஒழுங்கையில் அவன் வாசலைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பினாள். மின்விசிறி திருத்தத் தருகிறவர்களும் குறைந்தார்கள். லோறன்ஸ் வரவில்லை. பிற்பகலில் றோய் தனியே இருந்து விளையாடினான். விழுந்தால் ஜொய்ஸ்ரிக்கைக் கொடுக்க ஆளில்லாததால், மறுபடி தானே விளையாடினான்.

"நீங்கள் போய்க் கதைச்சால் என்ன?" என்று சுவேதினி கேட்டாள்.

"அவன் நடக்கிறான்தானே. நடந்து வரட்டும்."

வந்தான். மழை விட்ட ஒரு பிற்பகலில், படலைக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை. நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. கோபம் என்றும் சொல்லவில்லை.

"வாடியில இன்னும் ஆக்களுக்கு இருக்கு மச்சான்" என்றான். "ஒருத்தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கைநழுவ விடுறான். ஒருத்தனுக்குத் தோள். கேட்டால் சொல்ல மாட்டாங்கள்."

"நீ சொல்லு. ஆர்?"

லோறன்ஸ் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தான். அன்றைக்குக் கிழமை வெள்ளி. பிறகு பெயர்களைச் சொன்னான். மெதுவாக இல்லை; கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்கும்படி, ஒவ்வொன்றாக, வீட்டுப் பெயரோடு சேர்த்துச் சொன்னான். சுவேதினி செருப்பைப் போட்டுக்கொண்டு முதல் வீட்டுக்கு வெளிக்கிட்டாள்.

இதை வாசிக்கிற உங்கள் கரையிலும் ஒரு வாடி இருக்கும். சிலிண்டர் கட்டி இறங்குகிற ஒரு மகனோ மச்சானோ அயலவனோ இருப்பான். அவன் வாய் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்குப் படகு வரும்போது கரையில் போய் நில்லுங்கள். விரல் விறைக்குதா, மூட்டு நோகுதா, கால் தடுமாறுதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஓம் என்றால், மறுபடி தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள். நிமிர்த்திப் படுக்க வைத்து, அந்த மணித்தியாலமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆழத்தில் இருந்து வந்தவன் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சம்மாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டி, ஆட்களை எவ்வளவு ஆழத்துக்கு அனுப்புகிறாய், ஆறுதலாக மேலே வர விடுகிறாயா என்று கேளுங்கள். தனியே போகவேண்டாம், ஒழுங்கையையே கூட்டிக்கொண்டு போங்கள்.